தென்னையைப் பார்க்காமல் ட்ரோனுக்கு மென்பொருள் கோடு எழுதலாமா?

மேலூர்த் தம்பி:
மருந்தடிக்கும் ட்ரோன் செய்யும் ஒரு நிறுவனத்தில், அது தானாகப் பறப்பதற்கான மென்பொருள் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நெல் வயலில் எங்கள் ட்ரோன் தென்னையில் மோதி விழுந்தது. 10 லிட்டர் டேங்க் உடைந்து, மருந்தெல்லாம் வாய்க்காலில் கலந்துவிட்டது. பேட்டரி குறைந்தால் நேரே 15 மீட்டருக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்ப வேண்டும் என்பது கோடு, அதாவது மென்பொருளில் எழுதிய கட்டளை. அப்படியேதான் செய்தது. தென்னையோ 20 மீட்டருக்கு மேல். அந்த 15, ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருளில் இயல்பாக வருகிற எண். மாற்ற வேண்டியவர்கள் நாங்கள், மாற்றவில்லை. கணினிக்குள்ளேயே பறக்கவிட்டுப் பார்க்கும் சிமுலேட்டரில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன், அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. அதனால் சொல்கிறேன்: வரப்பில் நின்று பார்க்காதவர் பறக்கிற பொருளுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது.

திருநகர் வாசி:
விபத்து நடந்தது வருத்தம்தான். ஆனால் உங்கள் முடிவு தப்பு, தம்பி. பயணிகள் விமான மென்பொருளில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். டிஓ-178சி என்ற தரநெறியில், பழுதானால் விமானமே விழக்கூடிய மென்பொருளை ஏ நிலை என்போம். அதில் ஒரு முடிவுக்கு நான்கு நிபந்தனை இருந்தால், நான்கும் தனித்தனியாக அந்த முடிவை மாற்றும் என்று சோதித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக வந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. எங்கள் குழுவில் பாதிப் பேர் காக்பிட்டுக்குள் கால் வைத்ததில்லை. திரும்பும் உயரம் எவ்வளவு என்று உங்களிடம் யாரும் எழுதிவைக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

மேலூர்த் தம்பி:
சரி சார், எழுதிவைப்பது யார்? தென்னை இருப்பது தெரிந்தவர்தானே? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியான் 4-க்கு எழுதிய கோடு, அங்கே ஒழுங்காக ஓடிய கோடு. புது ராக்கெட் கிடைவாக்கில் இன்னும் வேகமாகப் போனது. அந்த வேகத்துக்கான 64 பிட் எண்ணை அதைவிடச் சிறிய 16 பிட் இடத்துக்குள் போட்டபோது அது கொள்ளவில்லை. கோடு எங்கே பறக்கப் போகிறது என்று பார்க்காததன் விளைவு அது.

திருநகர் வாசி:
ஏவுதளத்தில் போய் நின்றிருந்தால் அந்த எண் கண்ணில் பட்டிருக்குமா? புது ராக்கெட்டின் உண்மையான பாதையைக் கொடுத்து அந்தக் கோடு ஓடிய கருவியைத் தரையிலேயே சோதித்திருந்தால் அகப்பட்டிருக்கும் என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஒரு வயலைப் பார்த்தவருக்கு அந்த ஒரு வயல்தான் தெரியும். சிமுலேட்டரில் மரம் இல்லையா, மரத்தை வையுங்கள்.

வாடிப்பட்டி பைலட்:
நான் மகளிர் குழு மூலம் ட்ரோன் ஓட்டக் கற்றவள், சான்றிதழ் இருக்கிறது. காற்று எழுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவோம். ஒன்பது மணி வெயிலில் ரிமோட் திரையில் ஒன்றும் தெரியாது. துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்துதான் பேட்டரி எவ்வளவு என்று பார்ப்பேன், அந்த நேரம் ட்ரோன் என் கண்ணில் இருக்காது. இதை ஒரு மென்பொருள் தம்பி வந்து பார்த்துவிட்டுப் போய், எச்சரிக்கை சத்தமாகவும் வரும்படி செய்துகொடுத்தார். எந்த சிமுலேட்டரில் துண்டு இருக்கிறது சார்? ஆனால் இன்னொருவர் வரப்பிலேயே லேப்டாப்பை வைத்து ஏதோ மாற்றி, உடனே பறக்கவிட்டார். ட்ரோன் சாய்ந்து என் தலைக்கு நேராக வந்தது, அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டேன். அப்புறம் அவரை வயலுக்குள் விடவில்லை.

திருநகர் வாசி:
துண்டு விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது அக்கா, ஒப்புக்கொள்கிறேன். வரப்பில் மாற்றி உடனே பறக்கவிட்டதுதான் என் பயமே. மேலூர்த் தம்பி, உங்கள் தேவையை இப்படி எழுதுங்கள்: "திரும்பும் உயரம், அந்த வயலின் மிக உயரமான தடையைவிட 10 மீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பைலட் அதைப் பதியாமல் மோட்டார் சுழலக் கூடாது."

மேலூர்த் தம்பி:
இது நல்ல வரி சார். நாளைக்கே சேர்க்கிறேன்.

வாடிப்பட்டி பைலட்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வயலுக்குக் குறுக்கே கரண்டு கம்பி போகிறது. கம்பிக்கு அடியில் மருந்தடிக்கும்போது பேட்டரி குறைந்தால், அது நேரே மேலே ஏறுமா?

திருநகர் வாசி:
ஏறும், கம்பியில் போய் மோதும். சேர்க்க வேண்டாம் தம்பி. முதலில் பக்கவாட்டில் விலகி, அப்புறம் ஏறும்படி மாற்றி எழுத வேண்டும். அக்கா, கம்பி எத்தனை அடி உயரத்தில் போகிறது, வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி?