பவர் சப்ளைக்கு ‘மின்வழங்கி’ போதுமா? ‘மின்மடை’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பவர் சப்ளைக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். கேமிங் கணினியை நாமே அசெம்பிள் செய்வதற்கான தமிழ்க் கையேட்டில் பவர் சப்ளை, அதாவது சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கிக் கணினியின் பாகங்களுக்குத் தரும் பெட்டி, பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. அதனால் இந்தச் சொல் முடிவாகாமல் எனக்கு ஒரு பத்தியும் நகரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மின்வழங்கி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

நியாயமான கேள்வி. நானும் முதல் வரைவில் ‘மின்வழங்கி’ என்றுதான் எழுதினேன். எழுதி முடித்து, கணினியில் விளையாட மட்டும் தெரிந்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்தேன். அவர் யூபிஎஸ் வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர்மேல் தவறே இல்லை. யூபிஎஸ்ஸைத் ‘தடையில்லா மின்வழங்கி’ என்றுதானே எழுதி வருகிறோம்? கேபினெட்டுக்கு உள்ளே இருக்கும் பெட்டிக்கும் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரு அடைமொழிதான் வித்தியாசம்.

அதோடு, சர்வருக்கு ‘வழங்கி’ என்று நாமே வைத்திருக்கிறோம். ‘மின்’ என்ற முன்னொட்டு மின்னஞ்சல், மின்னூல் என்று வேறொரு வேலைக்கும் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘மின்வழங்கி’ என்பதை மின்னஞ்சல் சர்வர் மாதிரி ஏதோ ஒன்று என்று ஒருவர் புரிந்துகொண்டாலும் அவரைத் திருத்த இலக்கணத்தில் இடமில்லை. ‘செயலி’க்கு நேர்ந்ததை எல்லாரும் பார்த்தோம். பிராசசருக்கு வைத்த சொல்லை ஆப் எடுத்துக்கொண்டது, இன்று எது எந்தச் செயலி என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சொல்லையும் அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை.

> எல்லாரும் எஸ்எம்பிஎஸ் என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமே

பேச்சில் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். ஆனால் எஸ்எம்பிஎஸ் என்பது மின்சாரத்தை வேகமாகத் தொடுத்தும் துண்டித்தும் மாற்றும் ஒரு முறையின் பெயர். போன் சார்ஜருக்குள்ளும் டிவிக்குள்ளும் அதே முறைதான் இருக்கிறது. கணினியின் இந்தப் பெட்டிக்கு அது தனிப்பெயர் ஆகாது.

சரி, பெட்டியின் பெயருக்கு அப்புறம் வருகிறேன். அதைவிட எனக்குக் கவலை தருவது ‘திறன்’ என்ற சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்றால் திறன், எஃபிஷியன்சி என்றால் பயனுறுதிறன். இலங்கைப் பாடநூல்களில் பவருக்கு வலு, எஃபிஷியன்சிக்கு வினைத்திறன். ஸ்மார்ட்போன் வேறு திறன்பேசி. இப்போது ‘திறன் மிக்க மின்வழங்கி வாங்குங்கள்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதிக வாட்டா, குறைந்த விரயமா, பொதுவாக நல்ல தரமா, எதைச் சொல்கிறது? மூன்றும் வேறு வேறு, வாங்குகிறவர் தவறு செய்வதும் சரியாக இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான்.

என் வீட்டிலேயே நடந்தது. தம்பி 320 வாட் எடுக்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். ஏற்கெனவே இருந்தது 550 வாட் பெட்டி. நான் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன்: கார்டுக்கு 320, பிராசசருக்கு விளையாடும்போது 120, மற்றதற்கு 60, ஆக 500. ‘பெட்டியின் திறன் 550, நமக்கு வேண்டியது 500, போதும்’ என்று சொல்லிவிட்டேன். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த எஃபிஷியன்சிச் சான்று ஸ்டிக்கரைப் பார்த்து, ‘80 பிளஸ் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 550-இல் 80 விழுக்காடு, 440 வாட்தானே கிடைக்கும்?’ என்று கேட்டான். இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் ‘அது வேறு திறன், இது வேறு திறன்’ என்று சொல்ல ஆரம்பித்து நானே தடுமாறினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் விளையாட்டின் நடுவில் கணினி பட்டென்று அணைந்துகொண்டே இருந்தது. ராம் மெமரியை மாற்றினோம், விண்டோஸை மறுபடி நிறுவினோம், கடைசியில் நண்பரிடமிருந்து 750 வாட் பெட்டியை இரவல் வாங்கிப் போட்டதும் நின்றது.

அவன் கேட்டதற்கான பதில் இதுதான். பெட்டியில் எழுதியிருக்கும் 550 என்பது அது உள்ளே உள்ள பாகங்களுக்குத் தரக்கூடிய அளவு. விழுக்காடு என்பது சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. 80 பிளஸ் சான்றில் கோல்டு தரம் என்றால் 115 வோல்ட் சோதனையில் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் முறையே 87, 90, 87 விழுக்காடாவது இருக்க வேண்டும். 750 வாட் கோல்டு பெட்டி பாதிச் சுமையில் 375 வாட் தருகிறது என்றால் சுவரிலிருந்து சுமார் 417 வாட் எடுக்கிறது, நடுவில் 42 வாட் சூடாகப் போகிறது. நட்டம் சுவர்ப் பக்கம்தான், கார்டின் பக்கம் இல்லை. அதனால் எஃபிஷியன்சிக்கு, இந்தக் கையேட்டிலாவது, ‘பயன்வீதம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வீதம் என்றதும் விழுக்காடு என்று மனத்தில் விழும். வாட் அளவுக்கு ‘வாட் வரம்பு’. வரம்பு என்றால் உச்சம், அதற்குமேல் கேட்காதே என்று பொருள், எப்போதும் அவ்வளவையும் தள்ளிக்கொண்டிருக்கும் என்று பொருள் வராது. 1000 வாட் பெட்டியை மாட்டினால் கார்டு கருகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ‘வரம்பு’ அந்தப் பயத்தைப் போக்கும் என்று நம்புகிறேன். கோல்டு, பிரான்ஸ் (Bronze) என்ற தரப்பெயர்களைத் தங்கம், வெண்கலம் ஆக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் அச்சாகியிருப்பதைத்தானே வாங்குகிறவர் தேடுவார்?

நான் தவறவிட்டது வேறொன்று. 320 வாட் என்பது சராசரி. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு அதைத் தாண்டி மேலே போய்விட்டு இறங்கும். மென்பொருள் காட்டும் எண்ணில் அது தெரியாது, பெட்டியின் பாதுகாப்புச் சுற்றுக்கு மட்டும் தெரியும், அது உடனே நிறுத்திவிடும். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்காகவே, கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 முள் இணைப்பி உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் தம் வரம்பைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்கிறது. இதற்கு இழையில் ‘நிலையற்ற மின்சுமை’ என்று வந்திருந்தது. சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசிப்பவருக்கு எதுவும் தோன்றாது. ‘சுமைத்துள்ளல்’ என்றால்? துள்ளி எழுந்து அதே இடத்தில் விழுவது, அவ்வளவுதான். ‘இந்தக் கார்டுக்குச் சுமைத்துள்ளல் அதிகம், 750 வாட் வரம்பு வையுங்கள்’ என்று எழுதினால் என் தம்பிக்கு அன்றே புரிந்திருக்கும்.

இன்னும் சில சொற்கள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் நின்ற பிறகும் பெட்டி தேக்கி வைத்ததைக் கொண்டு ஓட்டும் அந்தச் சில மில்லிநொடிகளுக்கு ‘தாக்குப்பிடி நேரம்’. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுவதற்குள் கணினி அணையாமல் இருப்பது இதனால்தான். சிற்றலை (ரிப்பிள்), மின்தேக்கி (கெபாசிட்டர்) இவை பாடநூலில் இருப்பவையே, தொட வேண்டாம். பெட்டியிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிளுக்கு ‘கழற்றுவடம்’. இதை எழுதும் இடத்தில், பழைய பெட்டியின் வடத்தைப் புதிய பெட்டியில் மாட்டாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பெட்டிப் பக்கத்து முள் வரிசைக்குப் பொது வரையறை இல்லை. சரியாகப் பொருந்துவதுபோல் பொருந்தி ஹார்டு டிஸ்க்கை எரித்துவிடும்.

ரெயிலுக்கு, அதாவது பெட்டியிலிருந்து ஒவ்வொரு வோல்ட் அளவிலும் மின்சாரம் வெளியே வரும் தனி வழிக்கு, ‘தடம்’ என்ற முன்மொழிவை முழுமையாக ஏற்கிறேன். 12 வோல்ட் தடம், 5 வோல்ட் தடம், 3.3 வோல்ட் தடம். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்டைவிட அந்தத் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்க்க வேண்டும். 62 ஆம்பியர் என்றால் 12 ஆல் பெருக்க 744 வாட், 750 வாட் பெட்டிக்கு அது நேர்மையான கணக்கு. 600 வாட் என்று எழுதிவிட்டு 12 வோல்ட் தடத்தில் 30 ஆம்பியர்தான் என்றால் விளையாட்டுக்குப் பயன்படுவது 360 வாட், மீதி நமக்கு உதவாத தடங்களில் கிடக்கும்.

இப்போது பெட்டியின் பெயர். இலங்கை நண்பர் சொன்ன ‘வலுவழங்கி’ எனக்குப் பிடித்திருக்கிறது. வலு என்ற சொல் திறனைவிடத் தெளிவானது, பவருக்கு அதையே எல்லாரும் எடுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அதிலும் ‘வழங்கி’ இருக்கிறது. ‘மின்சார வழங்கல் அலகு’ நீளம், ஊருக்கு மின்சாரம் தரும் ஏற்பாடு மாதிரியும் தொனிக்கிறது. ‘மின்னூட்டி’ என்றால் மின்னூட்டம், அதாவது சார்ஜ், குறுக்கே வரும்.

என் முன்மொழிவு ‘மின்மடை’. ஏரியில் நிறையத் தண்ணீர் நிற்கிறது, அதை அப்படியே வயலுக்கு விட முடியாது. மடை வழியாக, வேண்டிய அளவு திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து விடுகிறோம். மடையின் அகலம்தான் வரம்பு, திறப்பது தேவைக்கு ஏற்றபடி. சுவரில் இருக்கும் மின்சாரத்துக்கும் பாகங்களுக்கும் நடுவே இந்தப் பெட்டி நிற்கும் நிலை இதுதான். தடம், வடம், வரம்பு, துள்ளல் எல்லாம் இதனோடு ஒட்டிப்போகின்றன. ‘மடைமாற்றம்’ அன்றாடம் செய்தியில் வருவதால் சொல்லும் வழக்கிழந்தது அல்ல. வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: ‘750 வாட் மின்மடை’, ‘மின்மடை எரிந்துவிட்டது’, ‘மின்மடையின் விசிறி சத்தம் போடுகிறது’. நாக்கில் தடையில்லை.

குறைகள் எனக்குத் தெரிந்தவரை இரண்டு. ‘மடை திறந்த வெள்ளம்’ என்ற வழக்கு கட்டுக்கடங்காததைக் குறிக்கிறது, இந்தப் பெட்டியின் வேலையோ கட்டுப்படுத்துவது. இது என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. இன்னொன்று, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்குவது பெயரில் தெரியவில்லை. ஆனால் ஆங்கிலப் பெயரிலும் அது இல்லை, ‘மாற்றி’ என்று சேர்க்கப் போனால் மின்மாற்றி வந்து நிற்கும். முதல் குறைக்கு யாருக்காவது நல்ல பதில் தோன்றினால் எழுதுங்கள், அல்லது ‘மின்மதகு’ அதைவிடப் பொருந்துமா என்றும் யோசியுங்கள். மதகில் கட்டுப்பாடு கூடுதலாகத் தொனிக்கிறது, ஓசை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் ‘மின்மடை, அதாவது பவர் சப்ளை’ என்று எழுதிவிட்டு, பிறகு தொடர்ந்து மின்மடை என்றே போகலாம் என்று நினைக்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வடம் என்ற பத்தியை (8 முள் இணைப்பி ஒன்றுக்கு 150 வாட், மதர்போர்டின் துளையிலிருந்து 75 வாட், அதனால் 320 வாட் கார்டுக்கு இரண்டு இணைப்பி, முடிந்தால் இரண்டு தனி வடம்) இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன், ஒன்று மின்வழங்கி, ஒன்று மின்மடை. நாளை இதே இழையில் இடுகிறேன். வாசித்துவிட்டு எது தடுக்கிறது என்று சொல்லுங்கள், குறிப்பாக வலு என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள்.

அன்புடன்