மறுமொழி: 'மரபணு நகர்வு' சரியான சொல்தானா?

வணக்கம்.

genetic drift என்பதற்குத் தமிழில் 'மரபணு நகர்வு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். என்னால் ஒப்ப முடியவில்லை. ஒரு சோலையில் பழம் தின்ற பறவை அடுத்த சோலையில் விதையைப் போடுகிறதே, நகர்வு என்றால் அதுதான். நாம் பெயர் தேடுவதோ, எதுவும் நகராமல் அடைபட்டுக் கிடக்கும் சிறு கூட்டத்தில் ஓங்கி நிற்கும் ஒன்றுக்கு. எது குட்டி போட்டது, எந்தக் குட்டி பிழைத்தது என்ற தற்செயலாலேயே தலைமுறைக்குத் தலைமுறை மாற்றுருக்களின், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களின், விகிதம் மாறுகிறது.

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒரு சொம்பை வைத்துக் காட்டினேன். வெள்ளை பீன்ஸ் விதை 10, சிவப்பு 10. அதாவது 10 வரையாடு, ஒன்றுக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதி; நிறம்தான் மாற்றுரு. கண்ணை மூடி ஒன்றை எடு, நிறத்தை எழுது, திரும்பப் போடு. 20 முறை எடுத்ததில் வெள்ளை 12, சிவப்பு 8. அடுத்த சுற்றுக்குச் சொம்பில் அதே 12, 8. இப்படியே போய் 17ஆவது சுற்றில் சிவப்பு அற்றுப்போனது. சிவப்பிடம் ஒரு குறையும் இல்லை! "குடவோலை மாதிரியே இருக்கு சார்" என்றாள் கடைசி வரிசைப் பெண். அன்றிலிருந்து எனக்கு வேறு சொல் தோன்றவில்லை: மரபுக் குடவோலை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஓலையை எடுப்பவன் உள்ளே இருப்பதை அறியாத சிறுவன். இந்தக் கருத்தின் உயிரே அந்த அறியாமைதான். அங்கே தகுதி பார்த்துத்தானே பெயர் எழுதினார்கள் என்று கேட்கலாம். சரி, ஆனால் அந்த வேலை குடத்துக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. எடுக்கும் கைக்கு அது தெரியாது. 'குலுக்கல்' இன்னும் எளிய சொல். அதை, மரபணுக்கள் புதிதாகக் கலந்து சேரும் மறுசேர்க்கைக்கு வைத்துக்கொள்வோம்.

சொல் நன்றாக வளைந்தும் கொடுக்கிறது. சடுதிமாற்றம் என்பது குடத்தில் புது ஓலை போடுவது. கூட்டம் சிறுத்தால் குடவோலையின் கை ஓங்கும். எவ்வளவு என்பதற்கு அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1931இலேயே கணக்குத் தந்துவிட்டார்: கூட்டத்தின் எண்ணிக்கையை இரட்டித்தால் வருவதில் ஒரு பங்கு, தலைமுறைதோறும் வேற்றிணைமையில் (தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் வேறுபட்டிருக்கும் நிலையில்) குறையும். 10 ஆடு என்றால் 20இல் ஒரு பங்கு. பத்துத் தலைமுறையில், இருந்ததில் 60 விழுக்காடுதான் மிஞ்சும். 100 ஆடு இருந்தால் 95 விழுக்காடு மிஞ்சும்.

heterozygosity என்பதைத்தான் 'வேற்றிணைமை' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், பாடக்குறிப்பில் மாற்றிவிடுகிறேன்.