கைர்பூர்: பேரீச்சை விளையும் ஊர்

கேள்வி: பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள கைர்பூர்தான் தங்கள் சொந்த ஊர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே விளையும் பேரீச்சையை மழையிலிருந்து எவ்வாறு காப்பாற்றுகிறார்கள்?

மறுமொழி: எங்கள் பக்கம் பெரிதும் விளைவது அஸீல் வகை. ஜூலை, ஆகஸ்டு மழையில் நனைந்தால் பழம் புளித்துவிடும் என்பதால், கனியும் முன்பே குலைகளை வெட்டி இறக்கி, காய்களைப் பெரிய கொப்பரைகளில் வேகவைத்து, பாய்களில் பரப்பிச் சுருங்கும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள்; அதுவே சுஹாரா. முன்பு இங்கே ஆண்ட தால்பூர் மீர்களின் அரண்மனையான ஃபைஸ் மஹாலைப் பார்க்க வருபவர்கள் இந்தக் களங்களையும் பார்ப்பது நல்லது.

மற்றொருவர்: பாசனத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி: சிந்து நதியின் குறுக்கே கட்டப்பட்டு 1932இல் திறக்கப்பட்ட சுக்கூர் தடுப்பணையின் இடக்கரைக் கால்வாய்களிலிருந்து. கோதுமைக்கும் பருத்திக்கும் அதே நீர்தான்.

இன்னொருவர்: இந்தியாவும் இந்தச் சுஹாராவைப் பெருமளவில் வாங்கியது; 2019இல் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 விழுக்காடு சுங்கவரி விதித்ததும் அந்த நேரடி வணிகம் முடங்கியது.