சிங்கப்பூர் தீம் பார்க் பயணம்: ஐந்து பேருக்குச் சாப்பாட்டை எப்படித் திட்டம் போடுவது?

ஹட்டன்_டீச்சர்:

ஆகஸ்ட் லீவில் ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். நான்கு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. டிக்கெட், அறை எல்லாம் சரி, இழுபறி முழுக்கச் சாப்பாட்டில்தான். வீட்டுக்காரர் எக்ஸலில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறார், ஐந்து நாளுக்குப் பதினைந்து வேளை, ஒவ்வொரு வேளைக்கும் கடைப் பெயர், நேரம், விலை, கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்பது வரைக்கும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிற மூன்றாம் நாளுக்கு மட்டும் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறார். "12.30, பீட்சா, ஐவர்" என்று இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பரீட்சை நேரசூசி ஞாபகம்தான் வருகிறது.

நாங்கள் இருவர், மகனுக்கு 11, மகளுக்கு 4, அப்புறம் மாமியார். மாமியார் சுத்த சைவம், முட்டை போட்ட கேக் கூடத் தொடமாட்டார், அதைவிடப் பெரிய பாடு அவருக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு பிளேன்டீ உள்ளே போக வேண்டும். மகள் சோறும் பருப்பும் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டாள். மகன் கல்லைக் கொடுத்தாலும் தின்பான், இப்போது யூடியூப்பில் சிக்கன் ரைஸ் பார்த்துவிட்டு அதே பேச்சு.

பார்க்குக்குள் சாப்பிட முதலிலேயே மேசை பிடிக்க வேண்டுமா? புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா? ஒரு நாளைக்கு எவ்வளவு ஒதுக்குவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இவர் நட்சத்திரம் எண்ணுவதை நிறுத்தினாலே எனக்குப் பாதி நிம்மதி.

பண்டாரவளை_மூடுபனி:

டீச்சர், சேரின் எக்ஸலில் ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது. வயிறு எந்த ஊர் மணிக்கு ஓடுகிறது என்று அதில் இல்லை. சிங்கப்பூர் நம் இலங்கைக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால். அங்கே மத்தியானம் 12.30 என்றால் உங்கள் மகளின் வயிற்றுக்கு அப்போதுதான் காலை பத்து மணி, ஸ்கூலில் இன்டர்வெல்லே விட்டிருக்காது.

நாங்கள் போன வருடம் அதே பிழையைத்தான் செய்தோம். பார்க்கில் 12.30க்கு எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றால், ஊரே அந்த நேரத்துக்குத்தான் வந்து நிற்கிறது. தட்டை ஏந்திக்கொண்டு மேசை தேடவே இருபது நிமிடம். உட்கார்ந்த பிறகு சின்னவன் நான்கு சிப்ஸைத் தின்றுவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டான், மூத்தவள் சோடாவை மட்டும் உறிஞ்சினாள், மிச்சத்தை நானும் மனைவியும் காசு போகிறதே என்று திணித்துக்கொண்டோம். சரியாக மூன்று மணிக்கு, அதாவது நம் ஊர் 12.30க்கு, இரண்டு பேரும் பசி பசி என்று அழ ஆரம்பித்தார்கள். திரும்பவும் வரிசை, திரும்பவும் காசு.

அதனால் பகல் சாப்பாட்டை இரண்டரை, மூன்று மணிக்குத் தள்ளிப் போடுங்கள். வயிறும் தயாராக இருக்கும், கடையும் காலியாக இருக்கும். எல்லாரும் சாப்பிடுகிற 12லிருந்து 2 வரை ரைட்களில் வரிசை கொஞ்சம் குறையும், அந்த நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம். மகன் 125 சென்டிமீட்டர் தாண்டியிருந்தால் பெரிய கோஸ்டரில் ஏற்றுவார்கள், அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவது உங்கள் உடுப்புக்கு நல்லது.

இரவும் இதே கணக்குத்தான். பார்க் பெரும்பாலும் ஏழு மணியளவில் மூடும், நம் வயிற்றுக்கு அது நாலரை மணி, தேத்தண்ணி நேரம். அந்த நேரத்தில் வெளியே வந்து பெரிய டின்னர் என்று உட்காராதீர்கள். ஏதாவது ஒரு கடியும் தேத்தண்ணியும் போதும், அறைப் பக்கம் போய் ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டால் சரியாக இருக்கும். காலையில் மட்டும் தலைகீழ். அங்கே எட்டு மணி நமக்கு ஐந்தரை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தரைக்கு எழும்புவது புதிதில்லை, இட்லியை முழுங்குவதுதான் கஷ்டம். கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தை பார்சலாகக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்குள் போகும் முன் ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு: உள்ளே பெரும்பாலும் கவுன்டரில் வாங்கித் தட்டோடு போய் உட்காருகிற கடைகள்தான், மேசை பிடிக்கிற கதை இல்லை. புளிச்சோற்றுப் பொதியை விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஒரு ஆளுக்கு 15 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஹோக்கர் கடைகளில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற மலிவுச் சாப்பாட்டுக் கடைகளில், 5, 6 டாலருக்கு வயிறு நிறையும். பார்க் போகிற நாளுக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து 150, மற்ற நாளுக்கு 90, 100 என்று நான் வைப்பேன். ஒரு டாலர் நம் இலங்கைக் காசில் இருநூறு ரூபாய்க்கு மேல் என்பதை மட்டும் சாப்பிடும்போது பெருக்கிப் பார்க்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

நானுஓயா_ஸ்டேஷன்:

எதற்கு இவ்வளவு பாடு? நம் நுவரெலியாவில் கிரெகரி வாவியில் ஒரு படகுச் சவாரி, விக்டோரியா பார்க் மரத்தடியில் லஞ்ச் ஷீட்டை விரித்தால் கட்டுச் சோறு, பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஆனால் ஒன்று, ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கொத்து வாங்கிப் பழகியவருக்கு சிங்கப்பூர் விலை ஒன்றும் செய்யாது.

மஸ்கெலியா_அக்கா:

டீச்சர், நான் ஆறு வருடம் அங்கே வீட்டு வேலையில் இருந்துவிட்டு வந்தவள். லீவு நாளில் முதலாளியின் பிள்ளைகளை சென்டோசாவுக்கு, அதாவது யுனிவர்சல் இருக்கிற தீவுக்கு, எத்தனை தடவை கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் மாமியாரின் பிளேன்டீயைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

அங்கே கடையில் வெறுமனே "தே" என்றால் டின்பால் ஊற்றி, பல் கூசுகிற இனிப்பில் தருவார்கள். "தே ஓ" என்று கேளுங்கள், பால் இல்லாமல் சீனி மட்டும் போட்டு வரும், அதுதான் நம் பிளேன்டீ. சீனியும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்". சீனி குறைய என்றால் "சியூ தாய்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் மாதம் எனக்கு இது தெரியாமல் தினமும் பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. மாமியாருக்கு இந்தச் சொற்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவரே போய் வாங்கிக்கொள்வார். வாசம் நம் ஊர் மாதிரி இருக்காது, நிறம்தான் இருக்கும், அதையும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அடுத்தது சைவம். "வெஜிடபிள் நூடுல்ஸ்" என்று பலகையில் இருந்தால் நம்பாதீர்கள், மேலே கீரையும் கீழே இறால் விழுதும் இருக்கும், சிப்பி சோஸ் ஊற்றுவார்கள். அங்கேயும் சம்பல் என்று ஒன்று உண்டு, பெயரைக் கேட்டு தேங்காய்ச் சம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், அது மிளகாயோடு இறால் விழுது அரைத்தது. நாசி லெமாக் சோறு தேங்காய்ப் பாலில் வெந்தது, பார்க்க நம் பால்சோறு போலவே இருக்கும், பக்கத்தில் பொரித்த நெத்தலி இருக்கும். இன்னொரு பக்கம் சீனரின் சைவக் கடைகள். கண்ணாடிக்குள் பன்றி, வாத்து, மீன் எல்லாம் தொங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் சோயாவிலும் கோதுமையிலும் செய்தது, பௌத்த முறைக் கடையென்றால் வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்கமாட்டார்கள். மாமியாரை முன்னால் நிற்க வைத்துவிட்டு நீங்கள் பின்னால் போகாதீர்கள், மயங்கி விழுவார்.

அவருக்கும் சின்னவளுக்கும் நிம்மதியான இடம் தேக்காதான், அதாவது லிட்டில் இந்தியா. செரங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947இலிருந்து சைவச் சாப்பாடு போடுகிறது. தேக்கா சென்டர் சந்தைக் கட்டிடத்தில் கீழே ஹோக்கர் கடைகள் வரிசையாக இருக்கும், அங்கே மகனுக்குப் பிரியாணி, சின்னவளுக்குத் தோசை, உங்களுக்கு மீன்தலைக் கறி கூடக் கிடைக்கும், எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிபட்டது என்று அர்த்தம், எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்த தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் தண்டம் போடச் சட்டம் இருக்கிறது. சில்லறைக் காசு கையில் வைத்துக்கொள்ளுங்கள், நிறையக் கடைகளில் கார்டு எடுப்பதில்லை.

அறையையும் அந்தப் பக்கம் எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஊதா நிற ரயிலில் ஏறினால் மாறாமல் ஐந்தாவது ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரண்ட், அதற்கு மேலே விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதி, அதன் மூன்றாம் தளத்தில் சென்டோசா ரயில். போக ஆளுக்கு 4 டாலர், திரும்பி வர ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து போகலாம் என்று சிலர் சொல்வார்கள், ஐந்து பேருக்கும் திரும்ப ரயில் காசும் அலைச்சலும் பார்த்தால் லாபமில்லை. சென்டோசாவுக்குப் போகிற பாலத்தில் நடந்தால் காசில்லைதான், ஆனால் மத்தியான வெயிலில் நம் ஊர் ஆட்களை அந்தப் பாலத்தில் நடக்க விடக் கூடாது, குளிரில் வளர்ந்த உடம்பு. சாயங்காலம் வெளியே வரும்போது விவோசிட்டியில் நின்று தேத்தண்ணி குடியுங்கள். ரயிலுக்குள் மட்டும் ஒன்றும் வாயில் வைக்காதீர்கள், தண்ணீர் கூட. 500 டாலர் வரை தண்டம் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், பண்டாரவளை அண்ணன் சொன்ன அந்த இட்லிப் பார்சல் இறங்கிய பிறகுதான்.

பார்க்கில் உடம்பெல்லாம் நனைகிற ஆற்றுச் சவாரி ஒன்று இருக்கிறது, அதற்குப் போனால் உடனே சாப்பாட்டுக் கடைக்குள் நுழையாதீர்கள். ஈர உடுப்போடு அந்த ஏசியில் உட்கார்ந்தால் ஹோர்ட்டன் சமவெளி காலை ஐந்து மணிக்கு எப்படியோ அப்படி.

பண்டாரவளை_மூடுபனி:

அக்கா சொன்னதோடு ஒன்று. மெனுவில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம். சேவைக் கட்டணம் 10 வீதம், அதன் மேல் வரி 9 வீதம், 20 டாலர் என்று நினைத்துச் சாப்பிட்டால் பில் கிட்டத்தட்ட 24 வரும். ஹோக்கர் கடையில் இந்தத் தொல்லை இல்லை, போட்ட விலைதான்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. நாங்கள் கொழும்பில் ஒரு ஏஜென்டிடம் டின்னரோடு சேர்த்த பேக்கேஜ் எடுத்தோம், பெயர் வேண்டாம். பார்க்கில் ஆறு மணிக்கே கிளப்பி பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் சுற்றி ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஆறிப்போன பருப்பும் பப்படமும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில் இன்னும் இரண்டு ரைட் கிடைத்திருக்கும். யாராவது "மூன்று வேளையும் எங்கள் பொறுப்பு" என்றால் காலைச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன்_டீச்சர்:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு போய் எக்ஸலில் நேரம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "நம் ஊர் மணி" என்று இன்னொரு நிரல் போட்டார். கடைப் பெயர்களில் பதினொன்றை அழித்துவிட்டார், நான்கு மிஞ்சியிருக்கிறது, அது பரவாயில்லை. மூன்றாம் நாளின் மஞ்சள் மட்டும் போகவில்லை, "3.00, பீட்சா, ஐவர்" என்று மாற்றியிருக்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி. மாமியார் முறுக்கும் இட்லிப் பொடியும் அரைக் கிலோ எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூளும் கொண்டுபோகப் பார்க்கிறார். விடுவார்களா?

மஸ்கெலியா_அக்கா:

முறுக்கு, பொடி எல்லாம் நான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோனேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கோழி, ஆட்டிறைச்சி எந்த வடிவத்திலும் வேண்டாம், பொரித்து டின்னில் அடைத்தாலும் வேண்டாம். சூயிங்கமும் வேண்டாம், மகனின் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம். அறையில் கேத்தல் இருக்கும், குழாய்த் தண்ணீரே குடிக்கிற தண்ணீர்தான், போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். காலையில் ஒரு பிளாஸ்க் ஊற்றிக் கொடுத்துவிட்டால் பார்க் வாசல் வரை அவர் யாரையும் கேட்கமாட்டார்.

ஹட்டன்_டீச்சர்:

பிளாஸ்க் என்று சொன்னதும் மாமியார் எழுந்து போய் அலுமாரி மேலே இருந்த பழைய சிவப்புப் பிளாஸ்க்கை இறக்கிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.