கன்ரருக்கு டேர்போ: எங்கள் வீட்டுக் குழு

லொறித் தம்பி: மாமா, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் ஒரு டேர்போ இருக்கிறது, எஞ்சினுக்குள் கூடக் காற்றைத் தள்ளுமே, அது. ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான், தண்டில் ஆட்டம் இல்லை. அதை எஞ்சினோடு பூட்டுகிற மனிபோல்டும் சேர்த்துத் தருவார்களாம். எங்கள் மிற்சுபிசி கன்ரர் லொறிக்குப் பூட்டலாமா? நாளைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள்.

லொறித் தம்பி: [படம்]

அம்மா: அண்ணை, இவன் காசு அனுப்பத்தான் நிற்கிறான். நீங்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.

இணுவில் மாமா: அனுப்பாதே தம்பி. கராஜ் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ரொறன்ரோ அண்ணை: மாமா வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். இப்ப ஓட்டம் எங்கே?

லொறித் தம்பி: சுன்னாகத்தில் இருந்து தம்புள்ளைக்கு வெங்காயம். அப்புறம் நுவரெலியா ஏறி லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. ஏ9 வீதியில் ஒரு கரைச்சலும் இல்லை. கம்பளை தாண்டினால்தான் லொறி திணறுகிறது. றம்பொடை ஏற்றத்தில் பின்னால் பஸ் எல்லாம் வரிசையாக நிற்கும்.

ரொறன்ரோ அண்ணை: அப்ப டேர்போ ஆசையில் பிழை இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டேர்போ இல்லாத எஞ்சின் அங்கே இளைக்கத்தான் செய்யும்.

இணுவில் மாமா: வந்துவிட்டேன். படத்தையும் பார்த்தேன். டேர்போ நல்லதாக இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். முதலில் பிஸ்டன், அடுத்தது டீசல் பம்ப், பிறகுதான் காற்று.

இணுவில் மாமா: உன் லொறியில் இருப்பது 4டி33 எஞ்சின். சிலிண்டர் துளை 108 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 115, மொத்தம் 4.2 லீற்றர். டேர்போ இல்லாமல் ஓடுவதற்குச் செய்த பிஸ்டன் அது. டேர்போவோடு வரும் எஞ்சினில் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, பொதுவாகச் சற்றுக் குறைவு. பிஸ்டன் தலைக்குள் ஓயில் ஓடும் வழி இருக்கும். கீழே புளொக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் உடலில்) இருந்து ஒரு சின்னக் குழாய் பிஸ்டனின் அடியில் ஓயில் பீச்சும். அது இல்லாத எஞ்சினுக்குள் கூடக் காற்றும் கூட டீசலும் போனால் சூடு எங்கே போகும்?

லொறித் தம்பி: அப்ப டேர்போ பிஸ்டனையே வாங்கிப் போட்டால்? 4டி34-ரி டேர்போ எஞ்சின்தானே, அதுவும் மிற்சுபிசிதான்.

இணுவில் மாமா: குடும்பம் ஒன்று, அளவு வேறு. 4டி34 இல் ஓட்டம் அதே 115, துளை 104. உன் 108 துளைக்குள் அந்தப் பிஸ்டன் நிற்காது. கடைக்காரர் "எல்லாம் ஒரே சாமான்தான்" என்று சொல்வார். இலக்கத்தைப் பார்த்து வாங்கு, சொல்லைக் கேட்டு வாங்காதே.

அம்மா: எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மாமா சொல்வதைக் கேள்.

இணுவில் மாமா: அண்மையில் ஒரு லொறி கராஜுக்கு வந்தது. வேறு எங்கேயோ டேர்போ மட்டும் பூட்டி, பம்பில் டீசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) கழற்றினால் மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு மெழுகு மாதிரி உருகி வழிந்திருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற மேல் றிங் அதன் பள்ளத்தோடு ஒட்டிப்போய்ச் சுத்தியலுக்கும் அசையவில்லை. பிஸ்டனைக் கோர்க்கிற ஊசி (பின்) நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரான லைனர் முழுக்கக் கீறல். சொந்தக்காரர் லீசிங் கட்டுகிற பிள்ளை, பார்க்க மனம் கேட்கவில்லை.

ரொறன்ரோ அண்ணை: மாமா சொல்வது இங்கேயும் அப்படித்தான். என் பழைய டொட்ஜ் றாமில் இருப்பது கமின்ஸ் 5.9, 12 வால்வு, பி7100 டீசல் பம்ப். பிறக்கும்போதே டேர்போவோடு வந்த எஞ்சின். அதற்கே வலு கூட்டப் போனால் ஒன்றோடு ஒன்று இழுத்துக்கொண்டு வரும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) கூட ஓட, வேகத்துக்கு எல்லை வைக்கிற கவனரின் ஸ்பிரிங்கை மாற்றினேன். உடனே வால்வு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டி வந்தது. பழைய ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது, எக்ஸோஸ்ட் (புகை போகும்) பக்கத்து அழுத்தம் வேறு வால்வைத் தள்ளும். அமுக்கம் கூடியதால் ஹெட் போல்ட்டுக்குப் பதில் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற ஸ்ரட் போட்டேன். கடைசியில் கிளட்ச் வழுக்கியது, அதையும் மாற்றினேன்.

லொறித் தம்பி: அண்ணா, நான் றேஸ் ஓடவில்லை. ஏற்றத்தில் ஒரு கியர் கூடப் போட்டால் போதும்.

இணுவில் மாமா: அந்தப் பதில் நல்ல பதில். அப்ப உனக்குத் தேவை 1400, 1600 ஆர்பிஎம்மில் வருகிற இழுவை. பெரிய டேர்போ வேண்டாம். கணக்குப் பார்: 4டி34 என்கிற 3.9 லீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புகிறது. 2500 ஆர்பிஎம்மில் டேர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 4900 லீற்றர் அளவில் காற்றுக் கேட்கும், 1400 இல் 2700 அளவில். அந்தக் கீழ் வேகத்திலேயே காற்று ஏற்றத் தொடங்குகிற டேர்போதான் லொறிக்குப் பொருந்தும். பெரிய வீடு (வெளிக்கூடு) உள்ள டேர்போ ஏற்றத்தில் நித்திரை கொள்ளும், டீசல் மட்டும் போய்க் கரும்புகை தள்ளும். பிறகு வருடப் புகைப் பரிசோதனையில் நிற்பாய், வரி அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

லொறித் தம்பி: சரி மாமா. அப்ப என்ன செய்வது?

இணுவில் மாமா: என் எண்ணம் இது. 4டி33 ஐக் கிண்டாதே. அது இன்னும் நல்லாக ஓடுகிறது, கழற்றினால் விலை போகும். முழு 4டி34-ரி எஞ்சின் ஒன்று தேடுவோம். டேர்போ, பம்ப், டீசல் பீச்சுகிற நொசில், காற்றைக் குளிர்த்துகிற இன்டர்கூலர், ஓயில் கூலர் எல்லாம் அதோடு வந்ததாகவே இருக்க வேண்டும். டேர்போ எஞ்சின் பம்பில் காற்றழுத்தத்தைப் பார்த்து டீசல் கூட்டுகிற அமைப்பு உண்டு, உன் பம்பில் அது இல்லை. பம்பை மாத்திரம் விட்டுவிட்டு வாங்கி வந்தால் பாதி எஞ்சின்தான் வாங்கியிருக்கிறாய்.

இணுவில் மாமா: வந்தபிறகு நான் கட்டாயம் பிரிப்பேன். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டை) மைக்றோமீற்றரால் அளந்து, தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் அரைத்து அதே அளவுக்குப் பெயரிங். றிங்கைத் துளைக்குள் வைத்து வாய் இடைவெளி பார்க்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் றிங் சூட்டில் நீண்டு முட்டி உடைந்துவிடும்.

இணுவில் மாமா: ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கிற ஹெட் கஸ்கற்றைக் கடையில் "ஒன்று தாருங்கோ" என்று கேட்டு வாங்கக் கூடாது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது புளொக்குக்கு மேலே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து நாலு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்ற தடிப்பில் எடுக்க வேண்டும். லேத் பட்டறையில் புளொக் முகத்தைச் சீவியிருந்தால் பிஸ்டன் இன்னும் மேலே வரும், பழைய கஸ்கற்றின் அளவு உதவாது. ஓயில் பீச்சுகிற நாலு குழாயையும் நான் ஊதிப் பார்த்துத்தான் மூடுவேன்.

ரொறன்ரோ அண்ணை: மாமா, றேடியேற்றர்?

இணுவில் மாமா: மறக்கவில்லை. டேர்போ எஞ்சினுக்கு உரிய பெரியதுதான் போட வேண்டும். தம்பி, இனிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதே. எங்கள் ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அந்தத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். கூலன்ற் மட்டும்தான்.

லொறித் தம்பி: கிளட்ச், டிபரன்சல்?

இணுவில் மாமா: கிளட்ச் புது எஞ்சினின் வலுவுக்குப் பார்த்து எடுப்போம். எஞ்சினைக் கியர்பெட்டியோடு சேர்க்கிற பெல் ஹவுசிங், எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் இரண்டும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கிறேன். பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரிக்கிற டிபரன்சலை இப்போதைக்குத் தொடாதே, ஒரு சீசன் ஓடிப் பார். சுமை மட்டும் கூட்டாதே. எஞ்சின் மாறினாலும் அக்சிலும் பிறேக்கும் பழையதுதான். றம்பொடையில் ஏறினால் இறங்கவும் வேண்டும், புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிறேக் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

அம்மா: அதைத்தான் நானும் கேட்க இருந்தேன் அண்ணை. பிறேக்கை வடிவாகப் பாருங்கோ.

இணுவில் மாமா: இன்னொன்று. இறக்குமதிப் பத்திரம் இல்லாத எஞ்சின் வேண்டாம். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். மாங்குளத்தில் பொலிஸ் மறித்தால் காட்டக் கையில் ஏதும் இருக்க வேண்டுமல்லவா.

ரொறன்ரோ அண்ணை: எஞ்சின் காசில் பாதி நான் போடுகிறேன். அவசரப்படாதே, நல்லதாகத் தேடு.

லொறித் தம்பி: நன்றி அண்ணா. டேர்போக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழு எஞ்சின் இருக்கிறதா என்று கேட்டேன், இரண்டு இருக்கிறதாம், படம் அனுப்புவார்கள்.

இணுவில் மாமா: வெளிப் படம் வேண்டாம். எஞ்சின் இலக்கம், பம்ப் தகடு, டேர்போ தகடு, மூன்றையும் கிட்டவாக எடுத்து அனுப்பச் சொல்லு. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் நானும் வருகிறேன்.