மழைக்கு ஜெபிக்காத அப்பா

எங்கப்பா மழை கேட்டு ஜெபித்து நான் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் எங்களுடையது முழுக்க மானாவாரி நிலம். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, வானம் பார்த்த சோளம்தான். சபையில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தால் அப்பாவும் போவார், எல்லாரோடும் முழங்கால் போடுவார். ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபித்து அவர் முறை வரும்போது மட்டும், "ஆண்டவரே, உமக்குத் தெரியும். ஆமென்" என்று முடித்துவிடுவார். பக்கத்தில் அம்மா நெளிவாள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். நமக்கு மழை வேணும்தானே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று.

"நமக்கு இப்ப கதிர் வாங்குற நேரம், மழை வேணும். மேலக்காட்டுக்காரன் நமக்கு முந்தி விதைச்சவன், அவன் களத்துல தானியம் காயுது. நான் கேட்டு மழை வந்தா அவன் கதி என்னடா? அவனும் ஆண்டவரைத்தானே கும்பிடுறான். ரெண்டு பேருக்கும் நடுவுல அவரை நிறுத்திப் பஞ்சாயத்து பண்ணச் சொல்றதா?"

"அப்ப என்னதான்பா கேப்பீங்க?"

"எது வந்தாலும் மறுநாள் காலையில காட்டுக்குப் போற தெம்பைக் குடும்னு கேப்பேன்."

எனக்கு அப்போது இது சரியான ஜெபமாகவே படவில்லை. கேளுங்கள் கொடுக்கப்படும் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வயது. கேட்காத அப்பாவுக்கு விசுவாசம் கொஞ்சம் கம்மியோ என்றுகூடச் சந்தேகம் இருந்தது. அதுவும் அவர் விதைக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

மானாவாரிக்காரர்களுக்குத் தெரியும், மழை பெய்து ஈரம் பார்த்து விதைப்பது ஒரு முறை, மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொரு முறை. அப்பா புழுதி விதைப்புக்காரர். விதைச் சோளத்தை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நிழலில் பரப்பிப் பழைய எடைக்கே உலர்த்துவார். விதைக்குள் முளைக்கிற வேலை கொஞ்சம் தொடங்கி அப்படியே நின்றுபோகும். அப்புறம் மழை கிடைத்தால் சட்டென்று எழும்பும், இடையில் மழை இல்லாமல் காய்ந்தாலும் தாங்கும். வாயில் ஒரு விதையைப் போட்டுக் கடித்துப் பார்ப்பார். "டக்"கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. மெத்தென்று நசுங்கினால் இன்னொரு நாள் நிழல். இப்படி உலர்த்தியதை வழக்கத்தைவிட ஆழமாக இறக்குவார்.

ஆழம் ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னதைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். மேலாக விதைத்தால் முதல் தூறலுக்கே முளைத்துவிடும், பின்னால் மழை வராவிட்டால் அத்தனையும் கருகும். ஆழத்தில் கிடந்தால் தூறல் எட்டாது, நல்ல மழை பெய்தால்தான் நனையும். "அப்ப மழை வரும்னு நீங்க முழுசா நம்பலையா?" என்றேன், மடக்கிவிட்ட சந்தோஷத்தில்.

"மழையை நம்புறேன். முதல் மழையை நம்ப மாட்டேன்."

பைபிளில் பிரசங்கி 11-ம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு: "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்; மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்." அப்பாவுக்குப் பிடித்த வசனம், அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு மேகத்தையும் பார்ப்பார். இரண்டுக்கும் அவருக்குள் சண்டையே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அறுப்பு சமயத்தில் இன்னொரு கூத்து. வயல் ஓரம் முழுக்க அறுக்க விடமாட்டார். லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று வருகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ரூத்தின் கதையில் போவாஸ் தன் ஆட்களிடம் வேண்டுமென்றே சிலதைச் சிந்தவிடச் சொல்வானே, அதையும் செய்வார். கட்டிலிருந்து கதிர் நழுவும், குனிய மாட்டார். பொறுக்க வருகிறவர்கள் வரும்போது என் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடுவார். "பாக்காதே. பாத்தா அவங்க கை கூசும்." கொடுத்ததைவிட இந்தத் திருப்பிவிட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் நான் அவர் பக்கம் இல்லை. ஒரு வருஷம் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. சனிக்கிழமை பாதிதான் முடிந்தது. ஞாயிறு காலையில் மேகம் கட்டிக்கொண்டு வருகிறது. சுற்றிலும் எல்லாரும் காட்டில் இறங்கிவிட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பினார். யாத்திராகமம் 34-ல் "விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக" என்று இருக்கிறது, மற்ற நாளில் ஓய்வது யாருக்கும் சுலபம், அறுப்பில் ஓய்வதுதான் ஓய்வு என்பது அவர் கட்சி. அன்று ராத்திரி பிடித்த மழை விடவில்லை. நின்ற கதிரெல்லாம் பூஞ்சாணம் பிடித்துக் கறுத்தது, சிலது கதிரிலேயே முளைவிட்டது. மாட்டுக்குத்தான் ஆனது. அம்மா அவரோடு பேசாமல் இருந்ததில் எனக்கு அம்மா பக்கம்தான். இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் அப்பா செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே மனிதர் இன்னொரு ஞாயிறு, சினைமாடு பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று ஆள் வந்ததும் பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து ஓடினார். கேட்டால், லூக்கா 14-ஐப் படி என்றார்; ஓய்வுநாளில் மாடு குழியில் விழுந்தால் உடனே தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசு கேட்கிற இடம் அது. உயிருக்கு ஒரு சட்டம், விளைச்சலுக்கு ஒரு சட்டம்.

கதிர் கறுத்தபோது சபையார் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், "கர்த்தர் உங்களைச் சோதிக்கிறார் அண்ணாச்சி" என்றார். அப்பா சொன்னார்: "என்னைச் சோதிக்கணும்னா என் காட்டை மட்டும் நனைச்சிருப்பாரே. ஊரு பூராவும்ல நனைஞ்சிருக்கு." வந்தவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். காணிக்கையை "விதை" என்று சொல்லி, இவ்வளவு விதைத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று வாக்குக் கொடுக்கும் பிரசங்கங்கள் இருக்கின்றன அல்லவா? அப்பாவை ஒருமுறை அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு. "ஒரு நல்ல சோளக்கதிர்ல ஆயிரம் மணிக்கு மேல இருக்கும். நூறு மடங்குக்கு மயங்குறவன் விவசாயியா இருக்க மாட்டான்." பிறகு கொஞ்சம் கோபமாக, "விதைச்சவன் களை எடுக்கணும், காவல் காக்கணும். பெட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டா அது விதை இல்ல, லாட்டரிச் சீட்டு." உழவனின் பேச்சை எடுத்து உழவனிடமே வியாபாரம் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கசப்பு அங்கே தொடங்கியதுதான்.

கடைசியில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அதை விவரிக்க எனக்கு மனசில்லை. அப்போதும் அவர் எதையும் கேட்காமல் அமைதியாகப் படுத்திருந்தார் என்று எழுதினால் கதைக்குப் பொருந்தும். அப்படி இல்லை. வலியை எடுத்துப்போடும் என்று சத்தமாகவே கேட்டார், ராத்திரியில் அக்கம்பக்கம் கேட்கக் கேட்டார். "மழைக்குக் கேக்காத மனுஷன் இப்ப கேக்குறீங்களே" என்றேன். "மழை ஊருக்குப் பொது. இந்த வலி எனக்கு மட்டும்தானே? இதைக் கேட்டா எவனுக்கும் நஷ்டமில்ல."

*

மேலே அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்க அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஞாபகம். அவர் தொழுகையாளி, அதே அளவுக்குக் கணக்காளி. விளைச்சலில் கொடுக்க வேண்டிய உஷ்ரு என்கிற ஜகாத், அதாவது மார்க்கக் கடமையான தர்மம் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மழை, ஊற்று என்று தானாகக் கிடைத்த தண்ணீரில் விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்து, செலவு செய்து பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. பாடுபட்டவனுக்குப் பாதி சலுகை. அறுவடை நாளிலேயே அதன் கடமையைக் கொடுத்துவிடுங்கள் என்று குர்ஆனில் அல் அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

எங்களுக்கு ஒரு துண்டு மானாவாரி, ஒரு துண்டு கிணற்றுப் பாசனம். அத்தா இரண்டையும் ஒரே களத்தில் கொட்டவிட மாட்டார். தனித்தனிக் குவியல், தனித்தனி அளவை. ஒரு வருஷம் பாதியில் கிணறு வற்றி, மிச்சத்தை மழை காப்பாற்றியது. இது எந்தக் கணக்கு? மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, பாதிக்குப் பாதி என்றால் பத்தில் ஒன்றில் முக்கால் பங்கு கொடுத்தால் போதும் என்றார். அதாவது நூற்றுக்கு ஏழரை. அத்தா வீட்டுக்கு வந்து முழுசாகப் பத்தில் ஒன்றை அளந்தார். கடன் இருந்த வருஷம் அது, நான் சண்டை போட்டேன். "கிணத்துல நான் இறைச்சது எத்தனை நாள், மழை பேஞ்சது எத்தனை நாள்னு எனக்குச் சரியாத் தெரியல. தெரியாத கணக்கை நம்ம பக்கம் சாய்க்கக் கூடாது." படி தலைதட்டும்போதும் அப்படித்தான். எங்களுக்கு அளந்தால் கையால் வழித்துத் தலைதட்டுவார். கொடுப்பதற்கு அளந்தால் கோபுரமாகக் குவித்து அப்படியே சாய்ப்பார்.

*

எங்கப்பா கோயிலுக்கும் போகாதவர், எந்த ஜெபமும் தெரியாதவர். இங்கே எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

விதைக்கு முன்னால் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைப்பார். சில நாளில் பிரித்து முளைத்ததை எண்ணுவார். எழுபது முளைத்தால், அந்தக் கணக்குக்குத் தக்கபடி கூடுதலாக விதைப்பார். விதை கேட்டு வருகிறவர்களிடம், "எழுபதுதான் வருது, பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுப்பார். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, விலையும் கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். காய்கறிக்கு மருந்தடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை பறிக்க மாட்டார். சந்தையில் விலை உச்சத்தில் நிற்கும், கத்திரி செடியிலேயே முற்றிக்கொண்டிருக்கும், அவர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

சாமியும் பார்க்கவில்லை என்று நினைக்கிற மனுஷன், யாருமே பார்க்காத இடத்தில் யாருக்காக இவ்வளவு கட்டுப்பாடு? கேட்டிருக்கிறேன். "திங்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார். அவ்வளவுதான் பதில். இதை நம்பிக்கை என்று சொல்லலாமா, மேலே எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான். கத்திரிக்காய்க்காரர் அப்பாவை எங்கப்பா பார்த்திருந்தால் சம்பந்தம் பேசியிருப்பார். எங்க அப்பா கணக்கில் ஆராதனைக்கு வருகிறவன் எல்லாம் விசுவாசியும் இல்லை, வராதவன் எல்லாம் அவிசுவாசியும் இல்லை. இதைச் சொல்லிப் போதகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அத்தாவின் இரண்டு குவியல் விஷயம் எனக்குப் புதுசு. பாடுபட்டவனுக்குச் சலுகை என்பது எங்கப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

புழுதி விதைப்பு எவ்வளவு ஆழம் என்று தனியாகக் கேட்டவருக்கு: சோளத்துக்கு 5 சென்டிமீட்டர். கரிசல் மாதிரி ஈரம் பிடித்து வைக்கும் மண்ணாக இருக்க வேண்டும். மணல் பாங்கான நிலத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே மழை பெய்த பிறகு விதைப்பதுதான் நல்லது. விதையை ஊறவைத்தால் மறுபடி நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் முளைப்பு கெட்டுவிடும். கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.