முதுகுப் பக்கத்தையும் எடுப்பவர்

ராம்ப் ஷோ போட்டோகிராபர்கள் என்றால் எனக்கு ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். பெயர் வேண்டாம், கூச்சப்படுவார்.

2013இல் சென்னையில் எங்கள் கல்லூரி இறுதியாண்டு ஷோவுக்கு வந்தார். அதுவரை கல்யாண மண்டபங்களில் லைட் பிடித்துக்கொண்டிருந்தவர். படங்களைப் பார்த்து நான் அழாத குறை. பாதிப் படங்களில் கணுக்காலோடு வெட்டு, செருப்பே இல்லை. மீதியில் மாடலின் ஒரு கால் அந்தரத்தில், ஸ்கர்ட் எங்கோ சுருண்டு கிடக்கிறது. நேரிலேயே சொல்லிவிட்டேன். வேறு யாராவது என்றால் மேடை லைட்டிங்மேல் பழியைப் போட்டிருப்பார்கள். இவர், “எப்படி வரணும்னு ஒரு தடவை காட்டும்மா” என்றார். மும்பை லாக்மே ஃபேஷன் வீக் படங்களை லேப்டாப்பில் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்கால் தரையில் பதியும்போது எடுத்தால்தான் துணி ஒழுங்காக விழுகிறது என்றார். ஃபேஷன் படித்த நான் அதைக் கவனித்ததே இல்லை!

அடுத்த வருஷம், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 ஜூம் லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கே வந்துவிட்டார். வெள்ளைத் துணி ஒன்றை மேடையில் பிடிக்கச் சொல்லி கலர் சரிபார்த்தார். அரக்குப் பட்டு அரக்காகவே வந்தது. எல்.இ.டி. வெளிச்சத்தில் துணி விற்றுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்புறம் நான் சொந்தமாக பிளவுஸ் டிசைன் செய்ய ஆரம்பித்தேன். ஷோவுக்கு முன்னால் மேக்கப் அறைப் பக்கம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “பின்னாடி வேலை ஏதாவது இருக்காம்மா?” எங்கள் ஆரி எம்பிராய்டரி வேலை முழுக்க முதுகில்தான். மாடல் திரும்பியதும் மற்றவர்கள் லென்ஸை அடுத்த ஆள் பக்கம் திருப்பிவிடுவார்கள். இவர் மட்டும் அவள் திரும்பிப் போகும் நாலைந்து அடியையும் எடுப்பார். ஒருமுறை நடுமேடையில் ஒரு பெண்ணுக்குக் கொக்கி தெறித்துவிட்டது. ஷோ முடிந்ததும் அவளைத் தேடிப் போய், அவள் கண்ணெதிரிலேயே அந்தப் படங்களை அழித்தார்.

இப்போது பெரிய ஷோக்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். குறையும் உண்டு. படம் கேட்டால் “நாளைக்கு” என்பார், அந்த நாளை மூன்று வாரம் கழித்து வரும். போன மாத ஷோ படங்கள் எனக்கு இன்னும் வரவில்லை. ஆரி போட்ட அண்ணனுக்கு மட்டும் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம்.